கிண்ணம் மறுத்த நிறம்

கஸ்தூரி தன் அழகு நிலையத்தில் பர்வீனின் பாதித் தலைக்குச் சாயம் பூசிவிட்டாள். மீதிக்குக் கலக்கத் தொடங்கியபோது, சாய நிறுவனம் இலவசமாகத் தந்திருந்த கிண்ணம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"இந்த நிறம் இன்று முதல் நிறுவனத்துக்கு உரியது. எங்கள் நிலையங்களில் மட்டுமே கிடைக்கும்" என்றது கிண்ணம்.

சாயக்குழாயின் மூடியும் இறுகிக்கொண்டது. கஸ்தூரி திருகிப் பார்த்தாள்; அசையவில்லை. டீ டிகாக்‌ஷன் சேர்த்து அவளே கண்டுபிடித்த நிறம் அது. குடிப்பதற்காக ஏலக்காய் தட்டிப்போட்டு வைத்த டிகாக்‌ஷனைத்தான் முதன்முதலில் அவசரத்தில் ஊற்றினாள். நிறத்துக்கு ஏலக்காய் ஒன்றும் செய்யாது. ஆனாலும் கைப்பழக்கம், பிறகும் விடவில்லை. இத்தனை நாளும் கிண்ணம் அதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"சாயங்காலம் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போகணும்க்கா. மாமியாக்காரி வரிக்குதிரை மாதிரி போய் நிக்கவா?" என்றாள் பர்வீன்.

கஸ்தூரி அவள் தலையைத் துண்டால் மூடி, தெருமுனையில் இருந்த நிறுவனத்தின் நிலையத்துக்குத் தானே கூட்டிப்போனாள். வழியில் இரண்டு முறை நின்றாள். திரும்பிப் போய் மட்டும் என்ன செய்வது?

அங்கிருந்த பெண் புதுக் குழாயைத் திறந்ததும் குளிரூட்டிய அறையெங்கும் ஏலக்காய் மணத்தது. பர்வீன் கண்ணாடி வழியே கஸ்தூரியைப் பார்த்தாள்.

"ஏலக்காய்தான் ஆன்ட்டி இந்த நிறத்துக்கு உயிரே. பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

கஸ்தூரி வாயைத் திறந்தாள். பிறகு, "காதுக்குப் பின்னால விட்டுட்டியேம்மா, பாரு" என்றாள்.