மிளகாய் நெடி

செல்வினுக்கு விலா எலும்பு முறிந்து இரண்டு வருடமாகிறது. எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. நெஞ்சில் ஒட்டியிருக்கும் வில்லை அந்த வலியை அளந்து, வீட்டுச் சுவரில் எண்ணாகக் காட்டும். முப்பது நாள் மூன்றைத் தாண்டாமல் இருந்தால்தான் துறைமுகத்தில் மறுபடி கிரேன் ஏறலாம். இன்று முப்பதாவது நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கணக்கு முடியும், இன்னும் பத்து நிமிடம். சுவரில் இரண்டு.

அப்போது பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தார்கள்.

அவன் மனைவி ஜெசிந்தா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு வற்றல்கூடக் கிள்ளிப் போட்டுத் தாளித்ததில்லை. ஒரு தும்மல் போதும், அவன் ஒரு வாரம் படுத்துவிடுவான்.

செல்வின் தலையணையை விலாவோடு இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தான். தும்மல் வந்தேவிட்டது.

அசையாமல் காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

“ஜெசி, வலிக்கல. நெசமாவே வலிக்கல.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். எட்டு.

“சும்மா சொல்லாதீங்க. மொதல்ல படுங்க.”

“வலிச்சா எனக்குத் தெரியாதா?”

“எட்டு காட்டுதுல்ல.”

அவனும் சுவரைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கை மெல்ல விலாவுக்குப் போனது.

“வலிக்கத்தான் செய்யுது போல,” என்றான்.