நாலடி

இந்தக் காலத்தில் யார் நின்று கட்டுகிறார்கள்? பள்ளிக்கூடத்தையே ஃபேக்டரியில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பாலசமுத்திரத்தில் இறக்கிய பிறகுதான் இடம் நாலடி போதவில்லை என்று தெரிந்தது.

கம்பெனி ஆர்க்கிடெக்ட் கௌசிகா, அந்த இடத்தை ஒட்டியிருந்த என் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினாள்.

"இந்தப் பக்கத்துச் சுவரை இடிக்க ஒத்துக்கோ. இல்லன்னா என் வேலை பூடும்."

"பள்ளிக்கூடத்தை நாலடி கொறைச்சு வரையேன்."

"எல்லாம் ரெடிமேட் ரூமு. ஒரு இஞ்சு கொறைக்க முடியாது. எடத்தைக் காலி பண்ணிக் குடுக்கறதுதான் இப்ப ஆர்க்கிடெக்ட் வேலை."

"இந்த வூட்டுக்கு வரைஞ்சவ, கெணத்தை மூடாம இந்தச் சுவரையே வளைச்சா. அவளைக் கூட்டிக்கினு வா."

அவள் அழுதுவிட்டாள். "நான்தானே நைனா அது. காலேஜ் முடிச்சு மொதமொதல்ல உனக்குத்தானே வரைஞ்சேன்."

"வளைச்சவளே இடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இதற்கெல்லாம் ஒரு படிப்பா? எனக்கு ஒப்பவில்லை.