மாதேஸ்வரன் போட்ட பூ

"ஏனுங்கண்ணா, இந்த வருசம் என்ன பூவு போடுறீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நிர்மலா கேட்டதும் அமுதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது நான்காவது விசாரணை. அவள் கணவன் மாதேஸ்வரனோ, வரப்பில் குந்தியபடி சிரித்த முகமாகப் பதில் சொன்னார்.

"செண்டுமல்லிதாம்மா. ஒன்றரை ஏக்கரும் அதேதான். வேணும்னா நாத்தைப் பாரு."

சொன்னதோடு விட்டாரா? நாற்று வளர்ந்திருந்த குழித்தட்டையே தூக்கிக் காட்டினார்.

"அப்பிடிங்களா! ரொம்ப சந்தோசம்ணா" என்று திரும்பிய நிர்மலா, பத்தடி போவதற்குள் செல்போனைக் காதில் வைத்தாள். "ஏங்க, செண்டுமல்லியாம். நாம கோழிக்கொண்டையே போட்டுருவோம்" என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

விஷயம் வேறொன்றுமில்லை. மாதேஸ்வரன் போடுகிற பூ விலை போகாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு. போன வருசத்துக்கு முந்தின வருசம் மொட்டு விடும் நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை அடித்து, தோட்டமே நாசம். போன வருசம் பூ என்னவோ கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால், ஊர் மொத்தமும் அதே பூவைப் போட்டிருந்ததால் மார்க்கெட்டில் கேட்க நாதியில்லை. பொங்கல் கழிந்ததும் 'ராசியில்லாதவர்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் எதை நடுகிறாரோ அதைத் தொடக்கூடாது என்று ஊரே கங்கணம் கட்டிக்கொண்டது.

"உங்களுக்குச் சூடு சொரணை இருக்குதா, இல்லீங்களா?" அமுதவல்லி மண்வெட்டியைத் தொப்பென்று போட்டாள். "இப்பிடி வந்து கேக்கறவங்ககிட்ட மாத்திச் சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"

"நாத்தைக் கையில வெச்சிக்கிட்டுப் பொய் சொல்லக்கூடாது புள்ள."

"ஆமா, ரொம்பத்தான் யோக்கியம்!"

அவள் கவலை அவளுக்கு. ஓசூரில் இருக்கும் அவள் அண்ணன் அறிவழகன், ஒரு கம்பெனியில் மாதேஸ்வரனுக்கு செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருந்தான். இந்த நடவும் கைவிட்டால் ஆனி மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அமுதவல்லிக்கோ இந்தத் தோட்டத்தை விட்டு ஓர் அடி நகர மனசில்லை. மனுஷன் நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்று, போகிற வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிப்பதை நினைத்தாலே அழுகை முட்டியது.

'எந்தப் புண்ணியவான் இந்தப் பேச்சைக் கிளப்பியது' என்று அன்றைக்கே விசாரணையில் இறங்கினாள். நிர்மலா, "சவுரியப்பண்ணன் சொன்னாருக்கா" என்றாள். சவுரியப்பனைப் பிடித்தால், "டீக்கடையில பேசிக்கிட்டாங்கம்மா. கூட்டத்துல யாரு சொன்னாங்கன்னு யாரு கண்டா?" என்று நழுவினார். டீக்கடை பெஞ்சைப் பிடித்து உலுக்கவா முடியும்? வீடு வந்து சேர்ந்தாள்.

நடவு மட்டும் சும்மா விட்டதா? மூன்றாம் நாளே வெயில் கொளுத்தியதில் கால்வாசி நாற்று தலை தொங்கிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு அதே குழியில் புதுசாக நட்டார்கள். அடுத்த வாரம் மோட்டார் புகைந்தது. அதைச் சரி செய்து தண்ணீர் விட்டால், சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்து வைத்திருந்தது. அமுதவல்லி குனிந்த முதுகு நிமிராமல் குடம் குடமாக ஊற்றினாள். மாதேஸ்வரன் விசிலடித்துக்கொண்டே குழாய்க்கு ஒட்டுப் போட்டார்.

"இந்த விசிலுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல!" என்று அதற்கும் திட்டு வாங்கினார்.

வைகாசி பிறந்தது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புச் சிவப்பாகக் கோழிக்கொண்டை. நடுவில் இவர்கள் ஒன்றரை ஏக்கர் மட்டும் மஞ்சள். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் தோட்டத்து வாசலில் வேன் வந்து நின்றது. தருமபுரி பூ வியாபாரி கவுஸ் பாஷா, செருப்பைக்கூட மாட்டாமல் குதித்து இறங்கினார்.

"அண்ணே, முகூர்த்தமும் திருவிழாவும் ஒண்ணா வந்து கழுத்தைப் பிடிக்குது. தொப்பூரு வரைக்கும் அலசிட்டேன். செண்டுமல்லி இருக்கற ஒரே தோட்டம் உங்களுதுதான். நீங்க சொல்றதுதான் வெலை. வேற யாருக்கும் குடுத்துராதீங்க!"

அமுதவல்லிக்குக் காதில் விழுந்ததை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. வேன் நிறைந்து கிளம்பியதும், முதல் வேலையாக ஓசூருக்குப் போன் போட்டாள். "அண்ணா, அந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

போனை வைத்துவிட்டுக் கணவனிடம் ஓடிவந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏனுங்க, ஊர்ச்சனம் மேல இருந்த கோவமெல்லாம் எனக்குப் போயே போச்சுங்க. ராசியில்லாதவருன்னு உங்களைப் பத்திக் கெளப்பிவிட்டான் பாருங்க ஒருத்தன், அவன் மட்டும் கையில கெடைச்சான்னா, அவன் வாயில ஒரு பிடி சக்கரையை அள்ளிப் போட்டுருவேன்!"

மாதேஸ்வரன் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"எங்க, போடு" என்று வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.