ஒரு ரூபாய் போணி

“எம்மா, இன்னைக்கும் போட்டுட்டா பாத்தியா?”

டீக்கடை நெல்லையப்பன் தம்ளரை இசைவாணியிடம் நீட்டினார். அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த சின்னப் பெட்டி அப்போதுதான் பேசி முடித்திருந்தது. ‘ஒரு ரூபாய் பெறப்பட்டது.’

“யாரு அண்ணாச்சி?” இசைவாணி பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

ஒரகடம் சாலையில் பனி இறங்கியிருந்தது. கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. விளக்கெரியும் அறைகளை யாரோ மெல்ல நகர்த்திக்கொண்டு போவதுபோல் இருந்தது.

“எந்தங்கச்சி எழிலரசிதான். வேற யாரு? ஒரு மாசமா கடை தொறந்ததும் மொதத் துட்டு இதுதான். முன்னெல்லாம் அவதான் தெனமும் போணி பண்ணுவா. ஒத்த ரூபாய எங்கையில வச்சிட்டு, ‘ஒன் டீக்கு இது போதும்’பா. வாய்க்கொழுப்பு!”

“போன்ல பேர் காட்டாதா?”

“எம்போனு பட்டன் போனு. பெட்டி துட்டத்தான் சொல்லும், ஆளச் சொல்லாது. இந்தப் பெட்டிய வாங்கி மாட்டுனதே அவதான!”

எழிலரசி தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடமாகிறது. ‘இனி இந்தப் பக்கம் வராத’ என்று நெல்லையப்பன் சொன்னார். அவள் வரவில்லை. அதன்பிறகு பேச்சும் இல்லை.

இன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பட்டாணி அளவில் இரண்டு தங்கக் கம்மல்கள்.

“அவ மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. குன்றத்தூர் மலைக்கோயில்ல, பத்தரைக்கு. ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும். பிள்ளைய மடியில வைக்கத் தாய்மாமன் வேணும்லா? அவ வாயத் தொறந்து கூப்பிட மாட்டா. அதான் ஒத்த ரூபா ஒத்த ரூபாயா கூப்பிடுதா. ஏழரை பஸ்ல கெளம்புதேன்.”

இசைவாணி டீயைக் குடிக்கவில்லை. அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

சாலைக்கு எதிர்ப்புறம், இரண்டாவது மாடியில் அவள் அலுவலகம். தொழிற்சாலைகளில் ஆள் இல்லாமலே வேலை செய்யும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகள், திருகாணி முதல் தண்ணீர் கேன் வரை தாங்களே பணம் செலுத்த ஒரு டூல் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கான கையேட்டை எழுதுவது அவள் வேலை. அதை மனிதர்கள் யாரும் படிக்கப்போவதில்லை; அந்த ஏஜென்ட்டுகள்தான் படிக்கும். எழுதும்போது, முகம் தெரியாத நூறு பெண்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இமைக்காமல் உட்கார்ந்து படிப்பதாக அவளுக்குத் தோன்றும். அதனால் பரிவாகவே எழுதினாள். ‘தொகையைச் சரிபார். பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்து. சந்தேகம் வந்தால் கேள். யாரும் திட்ட மாட்டார்கள்.’

அவளோ வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு மாதத்தில் யாரிடமும் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை.

கையேட்டில் உதாரணத்துக்குப் பணம் அனுப்ப ஒரு கடையின் யூபிஐ முகவரி தேவைப்பட்டது. தினமும் கண்ணில் படும் நெல்லையப்பன் கடை பிஸ்கட் ஜாடியில் ஒட்டியிருந்ததை எழுதினாள். தொகை, ஒரு ரூபாய்.

நேற்று மாலை, மேலாளர் ரகுபதி தன் இடத்திலிருந்தே கத்தினார். “இன்னா இசை, ஏஜென்ட்டுங்கல்லாம் உன் உதாரணத்த அப்டியே ஈயடிச்சான் காப்பி அடிச்சினு கீது! டெய்லி விடியக்காலைல டெஸ்ட் ஓட்டுனா, ஒரு ரூபா, அதே டீக்கடை! நாளைக்கு வந்ததும் மாத்திடு.”

இன்று மாற்றிவிடுவாள். நாளை முதல் பெட்டி பேசாது. ஆனால் நெல்லையப்பன் இன்றே கிளம்புகிறார்.

“அண்ணாச்சி... அது உங்க தங்கச்சி இல்ல.”

சொல்லிவிட்டாள். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். நெல்லையப்பன் பால் பொங்குவதைக் கவனிக்கவில்லை. பிறகு அடுப்பைத் தணித்தார்.

“அப்போ மிஷினா எனக்குப் போணி பண்ணுது?”

“மன்னிச்சிடுங்க.”

“நீ என்னம்மா செய்வ? நல்லவேள சொன்ன. கூப்பிடாத எடத்துல போயி, அத்தன பேரு முன்னால முழிச்சிக்கிட்டு நின்னுருப்பேன்.” சிரிக்கப் பார்த்தார். டப்பாவை மூடி, வெள்ளைச் சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டார். “டீ ஆறிருச்சு. வேற தாரேன்.”

கடைக்குப் பக்கத்திலிருந்த தன் ஹாஸ்டலுக்குத் திரும்பி, ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஏழரை பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் டீ ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஒன்பது மணிக்கு ரகுபதி ஹெல்மெட்டோடு உள்ளே வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

“சார், உதாரணத்த மாத்திட்டேன். அந்தக் கடைக்குப் போன பணத்த அவர் திருப்பித் தரணுமா? பாவம் சார் அவரு.”

“எந்தப் பணம்?”

“டெஸ்ட்ல தினமும் போச்சே, ஒரு ரூபா.”

ரகுபதி விழுந்து விழுந்து சிரித்தார். “அய்ய, டெஸ்ட்ல ஏதும்மா நெஜப் பணம்? அது நம்ம சர்வருக்குள்ளயே சுத்தினு அங்கயே அழிஞ்சிடும். பேங்க் அனுமதியே அடுத்த மாசந்தான் வருது. இந்த டூல்லருந்து இதுவரைக்கும் ஒரு பைசா வெளிய போவல.”

“அப்போ அது அவரு தங்கச்சி போட்ட ரூபாதான்! சார், உங்க வண்டிச் சாவியக் குடுங்க,” என்றாள் இசைவாணி. “எதிர்க்கடை அண்ணாச்சிய பத்தரைக்குள்ள குன்றத்தூர்ல விடணும்.”