மாமியார் கொடுத்த கார்

இந்தச் சனிக்கிழமையும் கார் கிளம்பவில்லை என்று சயோரி போன் செய்ததும், மாமியார் ஃபுமியே டிராம் பிடித்து வந்துவிட்டாள்.

"சூடாகறதுக்குள்ள அணைச்சியா?"

"வாசல் வரைக்கும்தான் நகர்த்தினேன், அத்தை."

"சூடாகாம அணைச்சா ரோட்டரி இஞ்சின் பெட்ரோல்ல முங்கிடும், அப்புறம் கிளம்பாதுன்னு எத்தனை தடவை சொல்றது? உன் கையில கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பிளக்கைக் கழற்றித் துடைத்து, காரை உறும வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

கணவன் ஷூஹெய் கேட்டான்: "ஃபாக்டரில இந்த இஞ்சினையே பூட்டறவ நீ. உனக்கா தெரியாது?"

"வயசாச்சுன்னு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தப்புறம், அத்தை வெளியே வர்றதே இதுக்குத்தான்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும். 'அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அணைச்சு வை, சனிக்கிழமை பல் டாக்டரைப் பார்க்கணும்'னு சொல்லிட்டுப் போறாங்க."