ஊங் என்ற ஒரு சத்தம்

“அஞ்சு மணிக்குள்ள இந்த ஊங் சத்தம் போகணும். இல்லேன்னா என் கல்யாணம் போயிடும்!”

முராசே கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். கோட்டும் டையும் கச்சிதமாக இருந்தன. முகம்தான் கசங்கியிருந்தது.

டோக்கியோவில் கிட்டார் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஒச்சனோமிசுத் தெருவில், ஒரு மாடியில் இருந்தது இசோமியின் பட்டறை. அவள் கிட்டாரை ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி, அதன் திருகைத் திருப்பினாள். ‘ஊங்...’ என்று முனகியது. கம்பியில் கை வைத்தாள், கொஞ்சம் அடங்கியது. கையை எடுத்தாள், மறுபடி ‘ஊங்...’

“இது வியாதியே இல்ல, முராசே சான். பழைய எலக்ட்ரிக் கிட்டார். கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற காந்தச் சுருள் இதுல ஒத்தை. சுவத்துல ஓடுற கரண்ட் சத்தமெல்லாம் இதுக்குக் கேட்கும். கேட்டதை அப்படியே ஊருக்குச் சொல்லிடும். சில பேர் வாய் மாதிரி.”

“அந்த வாயைத்தான் அடைக்கணும்.”

“கீழே கடையில சத்தமே போடாத புதுக் கிட்டார் தொங்குது. வாங்கிட்டுப் போயிடுங்களேன். எனக்கும் வேலை மிச்சம்.”

“ஐயோ, வேண்டாம்! என் வீட்டுக்காரி பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவ. கிட்டாரை மாத்தினா முதல் கம்பியிலேயே கண்டுபிடிச்சிடுவா. குரல் இதே குரலா இருக்கணும். ஊங் மட்டும் போகணும்.”

“பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. அதானே?” இசோமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். “நடக்கும். உட்காருங்க.”

கம்பிகளைத் தளர்த்தி, முகப்புத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே குடைந்திருந்த பள்ளம் முழுக்கச் செப்புத் தாளை ஒட்டினாள். பழைய வயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலே வலை பின்னிய வயர்களைப் பற்றவைத்தாள். ஈயப் புகை மூக்கில் ஏறியது. முராசே நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படி என்ன அவசரம்?”

“கம்பெனி வெளியூருக்கு மாத்திட்டாங்க. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சனிக்கிழமையானா அஞ்சு மணிக்குப் போன் பண்ணுவா, நான் வாசிப்பேன். போன வாரம் பாட்டு முடிஞ்சதும், ‘என்னங்க, பின்னால ஏதோ இரையுதே?’ன்னு கேட்டா. அதோட என் தூக்கம் போச்சு.”

“இதுக்குப் போயா? என் வீட்டுக்காரர் குறட்டையை நான் கல்யாணமான நாளா கேட்கிறேன். விவாகரத்தா பண்ணிட்டேன்?”

“உங்களுக்குப் புரியாது, இசோமி சான். இன்னைக்கும் அது அவ காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்.”

அவர் விரல்களை அவள் அப்போதுதான் கவனித்தாள். அட்டைப்பெட்டி கிழித்த கீறல்கள். நகக்கண்ணில் பார்சல் நாடாவின் பசை.

“ஆபீஸ்ல உங்களைப் பெட்டியா தூக்கச் சொல்றாங்க?”

“குடோன் பக்கமும் போய்ப் பார்க்கணும்ல” என்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கடைசியாகப் புதுச் சுருளைப் பொருத்தினாள். பார்வைக்குப் பழையதைப் போலவேதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுருள்கள். ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது தின்றுவிடும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்து நிமிர்ந்தபோது அவருடைய போன் அடித்தது.

“ஐயோ, அவதான்! வீட்டுக்குப் போக நேரமில்லையே!”

“இங்கேயே வாசிங்க. ஒரு பொட்டு இரைச்சல் கேட்டா நான் இந்தக் கடையை மூடிடறேன்.” இசோமி குழல்விளக்கை அணைத்தாள். போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, கிட்டாருக்கு எட்டத் தள்ளி ஜன்னல் ஓரம் வைத்தாள்.

முராசே வாசித்தார். கல்யாணமான புதிதில் வாசித்த பாட்டாக இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஆம்ப் வாயைத் திறக்கவில்லை. கீழே தெருவில் போகும் சைக்கிளின் மணிதான் கேட்டது.

“நல்லா இருந்துதுங்க” என்றது போனில் ஒரு பெண்குரல். “குரல்கூட மாறல. அந்த இரைச்சல்தான் சுத்தமா இல்ல.”

முராசே இசோமியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். முகத்தில் இருந்த கசங்கல் மொத்தமும் நீவிவிட்டதுபோல் போய்விட்டது.

“நான்தான் சொன்னேனே மிட்சுயோ, ஒண்ணுமில்லைன்னு! ஆம்பைச் சுவத்துப் பக்கம் வச்சிருந்தேன், தள்ளி வச்சேன், சரியாயிடுச்சு.”

“சந்தோஷம். ஊர் எப்படி இருக்கு?”

“அதை ஏன் கேட்கிற! ஒசாகாவுல காலையிலேர்ந்து ஒரே மழை. கம்பெனி குவார்ட்டர்ஸை விட்டு வெளியே கால் வைக்க முடியல.”

இசோமி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ஒச்சனோமிசுத் தெருவில் மாலை வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மிட்சுயோ பேசினாள். குரலில் கோபம் இல்லை.

“ஒசாகா கரண்ட் வேற, நம்ம கரண்ட் வேறங்க. அங்கே கரண்ட் இன்னும் வேகமா துடிக்கும், அந்த இரைச்சலும் மேல் சுருதியில நிக்கும், இத்தனை வாரமா நான் கேட்டது நம்ம டோக்கியோ இரைச்சல். உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி வேலை போனதைத் தெரிஞ்சுக்கிட்டேன், நீங்களே வாய்விட்டுச் சொல்லட்டும்னுதான் போன வாரம் அப்படிக் கேட்டேன். நீங்க என்னடான்னா கிட்டாரை ரிப்பேர் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க! கறியும் சோறும் சூடா இருக்கு, ரயிலேறி வாங்க.”