மலைக்கு அந்தப் பக்கத்து இலை

மழை தொடங்கிவிட்டால் குளக்கரைச் சேற்றில் உட்கார்ந்து பாடுவதுதான் தவளைக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் நண்டு வந்து, ஓரம் நறுக்கிய தாமரை இலை ஒன்றைக் காட்டியது.

"மலைக்கு அந்தப் பக்கத்துக் குளத்து இலை, அண்ணே. பாடுறவங்களுக்குன்னே வளர்க்கிறது. இதுல உட்கார்ந்தா குரலே வேற மாதிரி வரும்."

விலை, ஒரு மாதம் பிடிக்கும் பூச்சியில் பாதி. தவளை அரை வயிற்றோடு கிடந்து அதைக் கொடுத்துத் தீர்த்தது. பூச்சி தேடவே பொழுது போனதால் அந்த மாதம் அது பாடவே இல்லை. இலை வந்ததும் ஆசையாக ஏறி உட்கார்ந்து பாடியது. அதே பழைய குரல்தான். பட்டினியில் கொஞ்சம் கம்மியும் போயிருந்தது.

மனசு ஆறாமல் நண்டைத் தேடிக் குளத்தின் மறுகோடிக்கு நீந்திப் போனது. யாரும் சீண்டாமல் அங்கே மிதந்த இலைகளை நண்டு நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தது. தவளை அப்படியே திரும்பிவிட்டது.

மறுநாள், எப்போதும் கூடச் சேர்ந்து பாடும் நோஞ்சான் தேரை வந்து இலையைத் தடவிப் பார்த்தது.

"உண்மையைச் சொல்லுடா, குரல் மாறுதா? வாங்கினா நானும் ஒரு மாசம் வயித்தைக் கட்டணும்."

ஏமாந்துபோனேன் என்று சொன்னால் குளமே சிரிக்கும் என்று தவளைக்குத் தோன்றியது.

"மாறாமலா? இத்தனை வருஷம் சேத்துல உட்கார்ந்து கத்தினதை நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு."

தேரை தன் காலடிச் சேற்றைக் குனிந்து பார்த்தது. பிறகு நண்டைத் தேடிப் போனது.